ஊதுகூடாரத்துக்குள் உதித்த சூரியன்கள்

போன மாதம் கஜன் தொலைபேசி எடுத்தான். நான் விட்டுவிட்டு வந்த கதிரையில் இப்போது இருப்பவன் அவன். தலையில் மாட்டுகிற கண்ணாடிகள் வந்து இறங்கிவிட்டன என்று சொன்னபோது அவன் குரலில் கலியாண வீட்டுக் குதூகலம் இருந்தது. பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு வகுப்பில் இருந்தபடியே நிலாவில் நடக்கலாமாம். திரும்பினால் பின்பக்கமும் தெரியுமாம். குனிந்தால் காலடியில் நிலா மண் கிடக்குமாம். இனிக் கூடாரம் தேவையில்லை, கழித்துவிடப் போகிறோம், அதற்கு முன் உங்கள் அனுபவங்களை எழுதித் தாருங்கள், புதிதாக வந்தவர்கள் வாசிக்கட்டும் என்றான். கொஞ்சம் உருக்கமாக எழுதினால் நல்லது என்றும் சொன்னான்.

உருக்கம் வராது. அந்தக் கூடாரம் போவதில் முதலில் மகிழ வேண்டியவை என் இரண்டு முழங்கால்கள். ஐம்பத்தைந்தில் விருப்ப ஓய்வு கேட்டபோது குடும்பக் காரணம் என்றுதான் சொன்னேன். உண்மையில் என் குடும்பத்தில் என்னோடு ஒத்துழைக்க மறுத்தவை அவை இரண்டும்தான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கல்வித் துறையின் கீழ் ஒரு சின்னப் பிரிவு. ஒரு வான் வண்டி, அதற்கு ஒரு சாரதி, ஒரு பொறுப்பதிகாரி, நான். வானுக்குள் மடித்து வைத்த ஒரு துணிக்கூடாரம். பெயர் நடமாடும் கோள்மண்டலம். பாடசாலை மண்டபத்தில் அதை விரித்து, பெரிய மின்விசிறியால் காற்றூதினால், கவிழ்த்து வைத்த சட்டிபோல எழும்பி நிற்கும். பிள்ளைகள் ஒரு துணிக்குழாய் வழியே தவழ்ந்து உள்ளே வருவார்கள். நடுவில் புரஜெக்டர். துணிச்சுவரோரமாக நான், மடியில் கணினி. விளக்கை அணைத்தால் தலைக்கு மேலே முழு வானம். மனிதன் விண்வெளிக்குப் போன கதை, இப்போது போய்க்கொண்டிருக்கிற கதை, இனிப் போகப்போகிற கதை மூன்றையும் ஒரு பாடவேளைக்குள் சொல்லி முடித்து, எல்லாரையும் பத்திரமாகப் பூமிக்குக் கொண்டுவந்து, செருப்பு மாறாமல் வகுப்புக்கு அனுப்ப வேண்டும். இதில் கடைசிதான் கஷ்டம்.

அதற்கு முன் நான் ஆய்வுகூட உதவியாளன். சோதனைக் குழாய் கழுவிக்கொண்டிருந்தவனைப் பயிற்சி என்று கொழும்புக்கு அனுப்பினார்கள். புரஜெக்டர் வில்லையை எப்படித் துடைப்பது, துணியை எப்படி மடிப்பது, வியாழனை எப்படிச் சனியோடு குழப்பாமல் இருப்பது என்று கற்றுத் தந்தார்கள். எல்லாம் பெரிய மண்டபத்தில், யன்னல்கள் திறந்திருக்க நடந்தன. கூடாரத்தைக் கடைசி நாளில்தான் ஊதிக் காட்டினார்கள். அதன் வாசலைக் கண்டதும் எல்லாருக்கும் பின்னால் போய் நின்றேன்.

எனக்கு மூடிய இடமென்றால் பயம். மின்தூக்கியில் ஏறமாட்டேன். எங்கள் பக்கத்தில் மின்தூக்கிகள் அதிகம் இல்லாதபடியால் அந்த இரகசியம் வெளிவராமல் காப்பாற்றப்பட்டது. காரணம் ஒன்றும் புதினமில்லை. என் வயதுக்காரர் எல்லாருடைய வளவிலும் ஒரு பங்கர் இருந்தது. குழி வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை ஏற்றி, தவழ்ந்து போகிற அளவுக்கு ஒரு வாசல். சண்டைக் காலத்தில் அதற்குள் இருந்து நான் கண்ட பிரபஞ்சம், முன்னால் இருந்தவரின் முதுகு. பிறகு சண்டை முடிந்தது. பங்கரை மூடி மேலே வாழை வைத்தோம். நல்ல குலை போட்டது. என் நெஞ்சு மட்டும் அந்த வாசலின் அளவை மறக்கவில்லை. துணிக்குழாயைப் பார்த்தவுடனேயே இது அதே அளவு என்று அடித்துச் சொன்னது. அரசாங்க வேலை, ஓய்வூதியம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு தவழ்ந்தேன்.

எங்கள் பொறுப்பதிகாரி மரியநாயகம் சேர் குருநகர்க்காரர். கடற்றொழில் குடும்பம். நாங்கள் போகிற பாடசாலைகளில் அதிபர்மார் மேடையில் ஏறி, சேரின் அப்பா நட்சத்திரம் பார்த்துத் தொழிலுக்குப் போன பரம்பரை, அதனால்தான் இவருக்கு வானத்தில் இவ்வளவு ஆர்வம் என்று பேசுவார்கள். சேர் பணிவாகத் தலையாட்டுவார். வானில் ஏறிக் கதவைச் சாத்தியபின் மெதுவாகச் சொல்வார்: "எங்கடை அப்பா ஒரு நாளும் வெள்ளி பாத்தவரில்லை. கரையிலை மாதா கோயில் லைற் தெரியுதோ எண்டுதான் பாத்தவர்."

சேர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரேயொரு சட்டம் இருந்தது. நின்றுகொண்டு சொல்லுகிற கெட்ட செய்தியை அவர் கேட்கமாட்டார். வில்லை கீறுப்பட்டுவிட்டது, மின்விசிறி எரிந்துவிட்டது என்று அவருடைய அறைக்குள் ஓடினால் முதலில் கதிரையைக் காட்டுவார். இருந்தால் தண்ணீர்ப் போத்தலைத் தள்ளிவிடுவார். குடித்து முடிய, சரி இப்போது சொல்லு என்பார். அதற்குள் பாதிச் செய்தி எங்களுக்கே மறந்துவிடும். ஒருநாள் வானின் முன்பக்கத்தால் புகை வரத் தொடங்கியது. சாரதி தவம் அண்ணை ஓடிவந்தார். சேர் கதிரையைக் காட்டினார்.

"சேர், நான் இருந்து எழும்ப முதல் வான் எரிஞ்சு முடிஞ்சிடும்."

"அப்ப குந்திக்கொண்டு சொல்லும்," என்றார் சேர்.

தவம் அண்ணை உண்மையாகவே குந்தினார். வானும் எரியவில்லை.

வேலை முறையில் சேர் வைத்திருந்த ஒழுங்கைக் கஜனுக்காக எழுதுகிறேன். கூடாரத்தை விரிக்க முன் நிலத்தை இரண்டு தரம் கூட்ட வேண்டும். முதல்தரம் தும்புத்தடியால். இரண்டாம்தரம் வெறும் உள்ளங்கையால். சேர் நீளக் காற்சட்டையோடு முழங்காலில் நின்று மண்டபம் முழுக்கத் தடவிக்கொண்டு போவார். அறிவித்தல் பலகையிலிருந்து விழுந்த குத்தூசி ஒன்று போதும், எங்கள் பிரபஞ்சம் உஸ்ஸென்று போய்விடும். அடுத்தது பிள்ளைகளின் சட்டைப்பை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வட்டம் கீறுகிற கவராயம் எந்த விண்கல்லையும் விட ஆபத்தானது. எல்லாவற்றையும் ஒரு வாளிக்குள் போடுவித்து, வாளியைத் தவம் அண்ணையிடம் கொடுத்துவிடுவோம். ஒவ்வொரு பாடசாலையிலும் அவரை ஐஸ் விற்கிறவர் போலச் சுற்றி நிற்பார்கள்.

பிறகுதான் முக்கியமான விதி. வகுப்பாசிரியர் முதலில் உள்ளே போய் இருக்க வேண்டும். அவர் இல்லாமல் ஒரு பிள்ளையும் உள்ளே வரக்கூடாது. பதிலுக்கு வேறு ஆசிரியரும் சரிவராது. இது ஒழுக்கத்துக்காக என்றுதான் நான் முதலில் நினைத்தேன். சேர் அப்படி நினைக்கவில்லை.

"இருட்டுக்கை தெரிஞ்ச குரல் ஒண்டு இருக்க வேணும், யோகன். உன்ரை குரல் அதுகளுக்குத் தெரியாது. நீ வானத்தைக் காட்டு. பயத்தை ரீச்சர்மார் பாத்துக்கொள்ளுவினம்."

கண்ணாடி போட்டாலும் இதைக் கைவிடாதே, கஜன். கண்ணாடிக்குள் ஒவ்வொரு பிள்ளையும் தனியாகத்தான் நிலாவுக்குப் போகும். யாராவது தெரிந்தவர் பக்கத்தில் நின்று கதைத்துக்கொண்டிருக்கட்டும்.

விளக்கையும் சேர் சட்டென்று அணைக்க விடமாட்டார். பொழுதுபடுகிற மாதிரி மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். முழு வானமும் வந்தபின் நான் வாயைத் திறக்கக் கூடாது. பிள்ளைகளில் ஒன்று "ஆ" என்று சொல்லும்வரை பொறுத்திருக்க வேண்டும். அது வானத்தின் நேரம், உன்னுடையது இல்லை என்பார்.

நான் தனியாக நடத்திய முதல் காட்சி உரும்பிராயில். சேர் அதிபரோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே நிலாவுக்குப் பாதிவழி போயிருப்பேன், மின்சாரம் நின்றது. படமும் போனது, மின்விசிறியும் போனது. கூடாரம் உடனே விழாது. கோழி முட்டைமேல் இருக்கிற மாதிரி ஆறுதலாக இறங்கும். அப்போது செய்ய வேண்டியதைப் பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். ரோச் லைற்றைப் போட வேண்டும். பிள்ளைகளைக் கைகளால் துணியைத் தாங்கிப் பிடிக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவராக வெளியே அனுப்ப வேண்டும்.

நான் செய்தது வேறு. ரோச் லைற்றைக் கைதவற விட்டேன். வாசலைத் தேடிச் சுவரோரமாகத் தவழ்ந்தேன். துணிக்குழாய் காற்றுப் போய்த் தட்டையாகக் கிடந்ததால் வாசலைக் கடந்ததுகூடத் தெரியாமல் தொடர்ந்து போனேன். கூடாரம் வட்டம். சுவரோரமாகப் போகிறவனுக்கு அதில் முடிவே கிடையாது. இருட்டுக்குள் ஒரு பெண்பிள்ளை பக்கத்துப் பிள்ளைக்கு அமைதியாகச் சொல்லிக்கொண்டிருந்தது: "சேர் இதாலை ரெண்டாம் தரம் போறார்."

மற்றது சொன்னது: "கூப்பிடாதை. அவர் சுத்துப்பாதையிலை நிக்கிறார்."

பிள்ளைகள் யாரும் சொல்லாமலே தலையாலும் கையாலும் துணியைத் தாங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். தவம் அண்ணை ஜெனரேற்றரைப் போட, கூடாரம் எழும்பியது. வெளிச்சம் வந்தபோது நான் வகுப்பாசிரியையின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி முழங்காலில் நின்றேன். அவர் மிகவும் கண்ணியமான மனுசி. மெதுவாகத் தலைப்பை எடுத்துக்கொண்டார்.

சேர் என்னை இருத்தினார். தண்ணீர் தந்தார். எல்லாவற்றையும் கேட்டார்.

"சுத்துப்பாதை நல்லா வந்திருக்கு. இனித் தரையிறங்கப் பழகு," என்றார். அதற்குமேல் கதையில்லை.

அடுத்த கிழமை கூடாரத்தைச் சாவகச்சேரியில் லொறிகளுக்குப் படங்கு தைக்கிற ஒருவரிடம் கொண்டுபோனார். துணிச்சுவரில் அவசர வாசல் ஒன்று வைக்க வேண்டும், இழுத்துத் திறந்து மூட நீளச் சிப் போட வேண்டும் என்றார். எந்த இடத்தில் என்று தைக்கிறவர் கேட்டார். சேர் கூடாரத்தை அங்கேயே ஊதுவித்து, என்னை வழமையான இடத்தில் இருக்கச் சொல்லி, இடது கையை நீட்டு என்றார். என் விரல் பட்ட இடத்தில் சோக்கால் கோடு போட்டார். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்று தைக்கிறவருக்கு விளங்கப்படுத்தினார். என்னைப் பார்க்கவேயில்லை.

அன்றிலிருந்து வலது கையால் பிள்ளைகளுக்குச் செவ்வாயைக் காட்டுவேன். இடது கை சிப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். விண்வெளி வீரர்களை மூடிய அறையில் அடைத்துச் சோதிப்பார்களாம். நான் கதவு சாத்த முன்பே தோற்றிருப்பேன். ஆனால் சிப் கையில் இருந்தால் புளூட்டோவரை போய்வரத் தயார்.

காட்சி எப்போதும் மூன்று பகுதி. முதலாவது, முன்பு நடந்தது. ஒரு நாயை அனுப்பினார்கள், பிறகு ஒரு ருஷ்யக்காரர் பூமியை ஒருமுறை சுற்றிவந்தார், பிறகு அமெரிக்கர்கள் நிலாவில் இறங்கினார்கள். நாய் திரும்பி வந்ததா என்பதுதான் எங்கள் பிள்ளைகளின் முதல் கேள்வி. இல்லை என்றால் அடுத்த பத்து நிமிடத்துக்கு எந்த வீரர் மீதும் அவர்களுக்கு மரியாதை இருக்காது. இரண்டாவது, இப்போது நடப்பது. வானத்தில் சுற்றிக்கொண்டிருக்கிற நிலையம், அதற்குள் மிதந்துகொண்டு வேலை செய்கிற ஆட்கள். அங்கே ஆள் கொஞ்சம் உயரும் என்று சொன்னதும் வலைப்பந்து விளையாடுகிற பெண்பிள்ளைகள் விண்ணப்பிப்பது எப்படி என்று கேட்பார்கள். துகள் பறக்கிற சாப்பாடு கூடாது என்பதால் பாணுக்குப் பதிலாக ரொட்டி என்று சொன்னால், புட்டு? என்று ஒரு குரல் வரும். புட்டை அவித்து விண்வெளியில் உதிர்த்தால் மூக்குக்குள், கண்ணுக்குள், கணினிக்குள் எல்லாம் புட்டு. இடியப்பம் பரவாயில்லை, சொதியை மட்டும் மறந்துவிட வேண்டும். திருநீறு பூசலாமா என்று ஒருமுறை ஒரு சின்னவன் கேட்டான். குழைத்துப் பூசினால் பிரச்சினையில்லை என்று நான் தீர்ப்பு வழங்கினேன்.

மூன்றாவது பகுதிதான் எனக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது. இனி நடக்கப்போவது. மறுபடியும் நிலா, அதற்குப் பிறகு செவ்வாய். தந்த குறிப்புகளில் இன்னும் சில வருடங்களில் என்று இருந்தது. நானும் மேடைப் பேச்சாளன் மாதிரி, நீங்கள் ஏ.எல். சோதனை எடுக்கும்போது மனிதன் செவ்வாயில் நிற்பான் என்று அடித்துவிட்டேன். இப்போது கொடிகாமச் சந்தையில் ஒரு ஓட்டோக்காரப் பொடியன் என்னைக் கண்டால் வேகத்தைக் குறைப்பான்.

"சேர், செவ்வாய்க்குப் போட்டாங்களோ?"

"இன்னும் இல்லை, தம்பி."

"நான் ஏ.எல். எடுத்து, பெயிலாகி, கலியாணமும் கட்டிட்டன், சேர்."

செவ்வாயின் தாமதத்துக்கு இந்தக் குடாநாட்டில் பொறுப்புச் சொல்ல வேண்டிய ஒரே ஆள் நான்தான்.

கஜன் கேட்ட முக்கியமான அனுபவம் இனித்தான் வருகிறது. கொடிகாமத்திலிருந்து உள்ளே போகிற ஒரு சின்னப் பாடசாலை. விஞ்ஞானம் படிப்பிக்கிற ரஞ்சினி ரீச்சர் பல தடவை எழுதிக் கேட்டுத்தான் எங்களை வரவழைத்திருந்தார். நாற்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். நாங்கள் வானை நிறுத்த முன்பே மண்டபத்தை ஒருதரம் கூட்டிவைத்திருந்தார். அவருடைய ஒன்பதாம் வகுப்பு, செருப்பைக் கழற்றி வரிசையில் நின்றது. கவராயங்கள் வாளிக்குள் விழுந்தன. கூடாரம் எழும்பியது. ரீச்சர், நீங்கள்தான் முதலில் என்றேன்.

ரீச்சர் துணிக்குழாயின் முன்னால் முழங்காலில் இருந்தார். வாசலின் விளிம்பில் கையை வைத்தார். பிறகு அசையவில்லை.

சேலை தடக்குகிறதாக்கும் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். எனக்கு அந்தக் கையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அது அளந்துகொண்டிருந்தது.

எழும்பி வந்தார். தலையிடிக்கிறது என்றார். அவருக்குப் பதிலாக வேறு ரீச்சரை அனுப்பலாமா என்று கேட்டார். நான் விதியைச் சொன்னேன். உள்ளே போனதும் விளக்கை நிப்பாட்டுவீர்களோ என்று கேட்டார். ஓம், ஆனால் மெதுவாக என்றேன். வேறு வாசல் இல்லையோ என்று கேட்டார். நான் வழக்கப்படி ஒரு பகிடி விட்டேன், பிறகு இன்னொன்று விட்டேன். இரண்டுக்கும் அவர் முகம் அசையவில்லை. என் பகிடிக்குச் சிரிக்காத ரீச்சரைக் கண்டால் எனக்குக் கைகால் ஓடாது. வெளியே போய்ச் சேருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் அன்று யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தார்.

"நிண்டுகொண்டோ கதைக்கிறாய்?" என்றார்.

மாமர வேரில் இருந்தேன். சொன்னேன்.

"ரீச்சர் இல்லாமல் ஏலாது, யோகன். அதை மாத்த மாட்டன். ஆனால் ரீச்சர் எந்த வாசலாலை வர வேணும் எண்டு நான் ஒரு நாளும் சொல்லேல்லையே."

சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எனக்கு விளங்கியது. விளங்கியது மகிழ்ச்சியாக இல்லை. அவர் சொல்வது என்னுடைய சிப்பை.

திரும்பி வந்தபோது வரிசையில் முன்னுக்கு நின்ற துளசி என்கிற பிள்ளை, ரீச்சர் வாங்கோ, நாங்கள் ஒருத்தரும் பயப்பிடேல்லை என்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ரீச்சர் சிரிக்க முயன்று, கூடாரத்தின் மறுபக்கம் போய் மண்டபச் சுவரோடு நின்றார். நான் போய் நிலத்தில் இருந்தேன். சேரின் முறை அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். அவரும் கொஞ்சநேரத்தில் இருந்தார்.

"எங்கடை வளவிலை இருந்த பங்கரும் உந்த அளவுதான்," என்றேன்.

ரீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்கடை பங்கர் இதிலும் சின்னன். உள்ளுக்கை ஏழு பேர்." பிறகு சொன்னார்: "போன கிழமை முழுக்க இதுகளுக்கு, இருட்டுக்குப் பயப்பிடாதேங்கோ எண்டு படிப்பிச்சனான். இவ்வளவு காலமும் விண்வெளி நிலையத்தைப் புத்தகத்துக் கறுப்பு வெள்ளைப் படத்திலை காட்டினனான், சேர். எனக்கும் பாக்க ஆசை. இண்டைக்கு நான் வெளியிலை நிண்டா, நாளைக்கு இதுகளின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது? நீங்கள் எப்பிடி ஒவ்வொரு நாளும் உள்ளுக்கை போறியள்?"

"இடது கையாலை," என்று சொல்லி, சிப்பைத் திறந்து காட்டினேன்.

அப்படித்தான் என் இடம் பறிபோனது. ரீச்சர் அவசர வாசலால் உள்ளே போய் என் இடத்தில் இருந்தார். வலது கால் உள்ளே. இடது கால் வெளியே, மண்டபத் தரையில், செருப்போடு. சிப் அந்தக் காலின் முழங்கால்வரை மூடியிருந்தது, கை அதன் பிடியில் இருந்தது. வெளியே யாராவது மிதித்துவிடக் கூடாதென்று தவம் அண்ணை கவராய வாளியையும் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். ரீச்சற்றை கால் என்ரை பொறுப்பு என்றார். நான் கணினி வயரை இழுத்துக்கொண்டு நடுவுக்குப் போனேன். பிள்ளைகள் துணிக்குழாயால் தவழ்ந்துவந்து, ரீச்சர் ஏற்கெனவே உள்ளே இருப்பதைக் கண்டு கைதட்டினார்கள். என்னைச் சுற்றி முழங்கால்கள். சுவர் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை.

விளக்கை மெல்லக் குறைத்தேன். வானம் வந்தது. "ஆ" வந்தது. நான் வாயைத் திறந்தேன். அப்போது சர்ரென்று சிப் திறக்கும் சத்தம். மண்டபத்து வெயில் வெளிச்சம் உள்ளே கொட்டியது. மேற்கு வானத்தில் இருந்த வெள்ளிகள் எல்லாம் போய்விட்டன. பிள்ளைகள் ஐயோ என்றார்கள். ரீச்சரின் மூச்சு நடுவில் இருந்த எனக்குக் கேட்டது. இன்னும் ஒரு நொடியில் யாராவது திரும்பிப் பார்த்து, ரீச்சருக்கு என்ன என்று கேட்கப் போகிறார்கள்.

என் வாய் என்னைக் கேட்காமல் வேலையைத் தொடங்கியது. நாங்கள் இப்போது நிலையத்தில் இருக்கிறோம், பிள்ளைகள். அது ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிவருகிறது. அங்கே இருப்பவர்கள் ஒரு நாளைக்குப் பதினாறு தரம் சூரியன் உதிப்பதைப் பார்ப்பார்கள். இதோ, இது முதலாவது.

பிள்ளைகள் ஓவென்றார்கள். சிப் மெதுவாக மூடியது. சூரியன் மறைந்தது. வெள்ளிகள் திரும்பி வந்தன.

மூன்று பகுதியையும் உடைத்து அந்த நிலையத்துக்குள் அடைத்தேன். சிப் திறக்கும்போதெல்லாம் சூரியன் உதித்தது. ருஷ்யக்காரர் பூமியைச் சுற்றும்போது உதித்தது அருமையாகப் பொருந்தியது. நிலாவில்தான் மாட்டிக்கொண்டேன். நிலாவில் ஒரு பகல் எங்கள் இரண்டு கிழமை. அங்கே கால் வைத்து நான்கு வசனம் சொல்லவில்லை, சர்ரென்று சூரியன். எல்லாரையும் அவசரமாக நிலையத்துக்குத் திருப்பி ஏற்றினேன். இவ்வளவு சுருக்கமான நிலாப் பயணம் வரலாற்றிலேயே நடந்திருக்காது. பிள்ளைகள் சூரியன்களைச் சத்தமாக எண்ணத் தொடங்கினார்கள். சில தரம் போனபின் ரீச்சரே சுவரோரத்திலிருந்து, சூரியன் வருது பிள்ளையள், கண்ணைச் சுருக்குங்கோ என்று அறிவிக்கத் தொடங்கினார். குரலில் நடுக்கம் இருந்தது. ஆனால் அது ரீச்சரின் குரல்.

கடைசிப் பகுதிக்கு வந்தேன். செவ்வாய். போக ஏழெட்டு மாதம் என்றேன். சின்ன அறை என்றேன். வெளியே இறங்க முடியாது, யன்னலைத் திறக்க முடியாது, திரும்பிவரச் சொல்லிக் கேட்கவும் முடியாது என்றேன். இதை நூற்றுக்கணக்கான தரம் சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் சிப் கையில் இருந்தது. இப்போது இடது கை சும்மா கிடந்தது. நான் சொன்ன அறை என்மேலேயே மூடிக்கொண்டு வந்தது. மின்விசிறியின் சத்தம் வேறு ஏதோ சத்தமாக மாறியது. சேட்டு முதுகோடு ஒட்டியது. பரவாயில்லை, இப்போது சூரியன் உதிக்கும், உதித்தால் மூச்சு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உதிக்கவில்லை.

சூரியன் வருகிற நேரம்தான் பிள்ளைகள் என்றேன். ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் பலமாக, சூரியன் என்றேன். கடைசியில் வெட்கம் கெட்டுக் கேட்டேவிட்டேன்.

"ரீச்சர், ஒருக்காச் சூரியனை விடுங்கோ."

"வேண்டாம் சேர், இருக்கட்டும்," என்றார்கள் பிள்ளைகள்.

இருட்டுக்குள்ளிருந்து ரீச்சரின் குரல் வந்தது. நடுக்கம் இல்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டு கதைக்கிற ஆளின் குரல்.

"செவ்வாய்க்குப் போற வழியிலை சூரிய உதயம் ஏது, சேர்? உதிக்கிறதுக்கு அங்கை பூமி இல்லையே." பிறகு இன்னும் மெதுவாக: "அந்தரப்படாதேங்கோ. நான் இஞ்சைதான் இருக்கிறன். நீங்கள் சொல்லுங்கோ, கேக்கிறம்."

மூச்சு வந்தது. எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. செவ்வாயின் சிவப்பை மெல்லத் தலைக்கு மேலே கொண்டுவந்தேன். அந்த நேரம் பார்த்து, துணிச்சுவருக்கு வெளியேயிருந்து தவம் அண்ணையின் கவலையான குரல் கேட்டது.

"தம்பி, ரீச்சற்றை காலைக் காணேல்லை."